வாய்க்குள் குத்திய பிரஷும் கழுத்துத் தமனியும்: அடுத்த மூன்று நாட்களில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. மூன்று வயது மகன் நேற்று இரவு பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்தபடியே ஓடி வந்து குப்புற விழுந்தான். பிரஷ் வாய்க்குள் குத்தியதில், மேலண்ணத்தின் பின்பகுதியில், சற்று இடப்பக்கமாக, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கிழிந்தது. பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. மருத்துவமனையில் பார்த்தவர்கள் தையல் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், மூன்று நாள் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அசாதாரணத் தூக்கமோ கைகால் தளர்ச்சியோ தெரிந்தால் உடனே கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாயில் பட்ட காயத்துக்கும் கைகால் தளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்பதும், ஸ்கேனை நாமே வற்புறுத்திக் கேட்க வேண்டுமா என்பதும் நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகள்.

நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வயது வரையிலான குழந்தைகளுக்கு இந்த விபத்து அடிக்கடி நேர்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அண்ணத்துக் காயம் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடுகிறது, வேறெதுவும் நேர்வதில்லை. மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டுப் பக்கவாதம் வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் மதிப்பீடு. ஆயினும் மருத்துவர் கடைசியாகச் சொன்ன அந்த எச்சரிக்கை சம்பிரதாயத்துக்காகச் சொன்னது அன்று. உங்கள் மகனுக்கு இப்போது நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையின் முக்கியமான பகுதியே அதுதான் என்று நான் கருதுகிறேன். அதன் காரணம் புரிந்தால்தான் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும்.

கழுத்தின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கிளை முகத்துக்கும் உச்சந்தலைத் தோலுக்கும் ரத்தம் தருகிறது. உட்கிளை கழுத்தில் எங்கும் கிளை பிரியாமல் நேராக மேலேறி, மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாக உள்ளே சென்று, கண்ணுக்கும் மூளையின் முன்பகுதி, நடுப்பகுதிகளுக்கும் ரத்தம் கொண்டு செல்கிறது. வழியில் இந்த உட்கிளை டான்சிலுக்கும் மென் அண்ணத்தின் பக்கவாட்டுப் பகுதிக்கும் பின்னால், சற்று வெளிப்புறமாகச் செல்கிறது. வளர்ந்தவர்களுக்கு டான்சில் அமர்ந்திருக்கும் குழிக்கும் இந்தத் தமனிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. சிறு குழந்தைகளுக்கு எல்லா அளவுகளும் சிறியவை என்பதால் இந்த இடைவெளியும் குறைவு. தமனிக்குப் பின்னால் கழுத்தெலும்பின் மேல் முள்ளெலும்புகள் கெட்டியாக நிற்கின்றன. ஆகவே வாய் திறந்த நிலையில் விழும் குழந்தையின் எடை முழுவதும் ஒரு பிரஷின் அல்லது பென்சிலின் முனைக்குப் பின்னால் சேரும்போது, முன்னால் அந்த முனையும் பின்னால் எலும்புமாக, நடுவில் தமனி நசுங்குகிறது.

முனை தமனியைத் துளைத்தால்தான் ஆபத்து என்று நினைப்பது இயல்பு. துளைப்பதும் நேர்வதுண்டு, அப்போது ரத்தம் கட்டுக்கடங்காமல் கொட்டும், அல்லது கழுத்து வேகமாக வீங்கும், யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் அது அரிது. துளையே விழாத தமனிதான் நம்மை ஏமாற்றுவது. தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. நசுங்கும்போது, சட்டையின் மேல்துணி முழுதாக இருக்க உள்துணி மட்டும் கிழிவதுபோல, உள்ளடுக்கு மட்டும் கிழியலாம். வெளியே ஒரு சொட்டு ரத்தமும் கசியாது. ஆனால் உள்ளே, கிழிந்த இடத்தின் சொரசொரப்பில் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டத் தொடங்கும். சிறிது சிறிதாக ஓர் உறைவு வளரும். சில நேரங்களில் கிழிந்த அடுக்குகளுக்கு இடையே ரத்தம் புகுந்து, குழாயை உள்ளிருந்தே அடைக்கும். உறைவிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே சென்று மூளைத் தமனியை அடைத்தாலும், உறைவே மேல்நோக்கி வளர்ந்து சென்றாலும், முடிவு பக்கவாதம்தான்.

இந்த உறைவு வளர நேரம் பிடிக்கிறது என்பதே மூன்று நாள் கணக்கின் அடிப்படை. விழுந்த குழந்தை அழுது முடித்து, ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, விளையாடி, தூங்கி எழுந்த பிறகு அறிகுறிகள் வரலாம். பதிவான நிகழ்வுகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் 3 மணி நேரத்துக்கும் 60 மணி நேரத்துக்கும் இடைப்பட்டதாக இருந்திருக்கிறது. அரிதாக, சில நாட்கள் கழித்தும் வந்திருக்கிறது. வாய்க்காயத்தைத் தொடர்ந்து கரோட்டிட் தமனி அடைபடுவதை முதன்முதலில் விவரித்தது 1936-இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவக் கட்டுரை என்று மருத்துவ இலக்கியம் குறிப்பிடுகிறது. 1956-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும், 1966-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினிலும் குழந்தைகளைப் பற்றிய கட்டுரைகள் வந்த பிறகே இது பரவலாகக் கவனம் பெற்றது. சி.டி. ஸ்கேன் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. குழந்தை நன்றாக இருந்தது, பிறகு ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று பெற்றோர் சொன்ன விவரத்தை நம்பியே அந்த மருத்துவர்கள் காரணத்தை எட்டினார்கள்.

இதிலிருந்து பெற்றோருக்கும், சில நேரங்களில் மருத்துவர்களுக்குமே, ஏற்கக் கடினமான ஒரு செய்தி வெளிப்படுகிறது: அண்ணத்தில் தெரியும் காயத்தின் அளவு தமனியின் நிலையைச் சொல்லாது. அண்ணம் இரண்டாகக் கிழிந்து தொங்கிய குழந்தைக்குத் தமனி பழுதில்லாமல் இருந்திருக்கிறது. வெறும் கன்றல் மட்டுமே தெரிந்த குழந்தைக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. நடுக்கோட்டில் பட்ட காயத்தைவிடப் பக்கவாட்டில், டான்சிலை ஒட்டிப் பட்ட காயத்தில் ஆபத்து கூடுதல் என்பது உடற்கூற்றின்படி நியாயமானது; மருத்துவர்களும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் காயத்தின் இடத்தை மட்டும் வைத்து யாருக்குப் பிரச்சினை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்றே கண்டிருக்கிறார்கள். முனை நேராகவே சென்றிருக்க வேண்டும் என்பதில்லை. விழும்போது தலை திரும்பியிருக்கலாம், முனை வழுக்கிச் சென்றிருக்கலாம். உங்கள் மகனின் காயம் சற்று இடப்பக்கமாக இருப்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பீதியடையவும் வேண்டாம், நடுவில் பட்டிருந்தால் கவலையே இல்லை என்று எண்ணவும் வேண்டாம்.

இனி, எதைப் பார்ப்பது? இடப்பக்கத் தமனி இடப்பக்க மூளைக்கு ரத்தம் தருகிறது. இடப்பக்க மூளையோ வலக் கையையும் வலக் காலையும் ஆள்கிறது, பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது. எனவே உங்கள் மகனைப் பொறுத்தவரை வலக் கை, வலக் கால், முகத்தின் வலப்பாதி, பேச்சு ஆகியவற்றின் மீது கண் இருக்கட்டும், மறுபக்கத்தையும் விட்டுவிடாமல். மூன்று வயதுக் குழந்தை கை மரத்துப் போகிறது என்று சொல்லத் தெரியாதது. அதன் நடத்தையில்தான் படிக்க வேண்டும். வழக்கமாக வலக்கையால் எடுப்பவன் திடீரென்று இடக்கையால் மட்டும் எடுக்கிறானா, கையில் கொடுத்த பிஸ்கட் நழுவுகிறதா, நடக்கும்போது ஒரு கால் இழுபடுகிறதா, ஒரே பக்கமாகத் தடுமாறி விழுகிறானா, சிரிக்கும்போதோ அழும்போதோ வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, நேற்று வரை தெளிவாகச் சொன்ன சொற்கள் குழறுகின்றனவா அல்லது பேச்சே நின்றுவிட்டதா என்று பாருங்கள். வாய் வலிக்கும் குழந்தை பேச மறுப்பதும் எச்சில் ஒழுகவிடுவதும் இயல்பு என்பதால் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுப்பது கடினம். பேசாவிட்டாலும் சொன்னது புரிகிறதா, கேட்ட பொருளைச் சுட்டிக் காட்டுகிறானா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இவற்றோடு, காரணமில்லாத எரிச்சல், சமாதானப்படுத்த முடியாத அழுகை, திரும்பத் திரும்ப வாந்தி, தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு ஆகியவையும் உண்டு. இன்னோர் அறிகுறி சிறியது, ஆனால் குறிப்பானது: காயம் பட்ட அதே பக்கத்தில் மேல் இமை சற்றுத் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா மற்றக் கண்ணின் பாப்பாவைவிடச் சுருங்கியிருப்பது. கண்ணுக்குச் செல்லும் சில நரம்பிழைகள் கரோட்டிட் தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே போகின்றன. தமனியின் சுவர் புண்பட்டால் அவையும் பாதிக்கப்படுகின்றன. பக்கவாதம் வருவதற்கு முன்பே இது தெரியக்கூடும் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். சற்று மங்கலான வெளிச்சத்தில் இரண்டு கண்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். விபத்துக்கு முந்தைய நாட்களில் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிடுவது நல்லது; சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பாப்பாக்களின் அளவில் சிறு வேறுபாடு இருக்கும். இன்றைக்குக் குழந்தை இயல்பாக நடப்பதையும் சிரிப்பதையும் அரை நிமிடக் காணொளியாக எடுத்து வைத்தால், நாளை சந்தேகம் வரும்போது உங்களுக்கும் மருத்துவருக்கும் அது உதவும்.

இரவைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் தவிக்கிறார்கள். முதல் இரண்டு இரவுகளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெதுவாக எழுப்பி, அம்மாவையோ அப்பாவையோ அடையாளம் கண்டு முனகுகிறானா, தள்ளிவிட இரண்டு கைகளையும் பயன்படுத்துகிறானா என்று பார்த்துவிட்டு மீண்டும் தூங்க விடலாம். இது ஏதோ ஆய்வு நிறுவிய விதி என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்கள் பலர் சொல்லும் நடைமுறை, எனக்கும் அது சரியாகப் படுகிறது. எச்சரிக்கை அறிகுறி எதுவாயினும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்து, சி.டி. ஸ்கேனும் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். அருகில் உள்ள சிறு கிளினிக்கில் நின்று போவதால் இழக்கும் நேரம் மூளையின் இழப்பு. அங்கே முதலில் பார்ப்பவரிடம் நேற்று விழுந்ததையும் வாய்க்குள் குத்தியதையும் சேர்த்தே சொல்லுங்கள். சோர்ந்த குழந்தை என்றோ வலிப்பு வந்த குழந்தை என்றோ மட்டும் சொன்னால், ஏறக்குறைய ஆறிய ஓர் அண்ணக் காயத்தை யாரும் வாய் திறந்து தேட மாட்டார்கள்.

அடுத்தது உங்கள் இரண்டாம் கேள்வி. தமனியைக் காட்டும் பரிசோதனை சி.டி. ஆஞ்சியோ, கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகச் சாயமருந்து செலுத்திச் சில நொடிகளில் எடுக்கப்படுவது. உள்ளடுக்குக் கிழிசல், உறைவு, புடைப்பு, தமனியைச் சுற்றித் திசுக்களுக்குள் புகுந்த காற்று ஆகியவற்றை அது காட்டும். அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பது நியாயமே. சில மருத்துவமனைகளில் அதற்கு நெருக்கமான நடைமுறையே இருந்தது. எதிர்த்தட்டில் இருப்பவை இவை: குழந்தையின் கழுத்தில் கதிர்வீச்சுக்கு எளிதில் ஆட்படும் தைராய்டு சுரப்பி இருக்கிறது, சாயமருந்துக்கு ஒவ்வாமை வரலாம், அசையாமல் படுக்காத குழந்தைக்கு மயக்கமருந்து தேவைப்படலாம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சி.டி. எடுத்த ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, இன்று வழக்கத்தில் உள்ள கதிர்வீச்சு அளவோடு சி.டி. எடுக்கப்படும் 10,000 குழந்தைகளில் 1 முதல் 2 பேருக்கு அடுத்த 12 ஆண்டுகளில் அதனால் ரத்தப் புற்றுநோய் வகைகள் வரலாம் என்று கணித்தது. மிகச் சிறிய ஆபத்துதான். ஸ்கேன் தேவைப்படும் குழந்தைக்கு இதை நினைத்து ஒரு நொடியும் தயங்கக் கூடாது. ஆனால் தேவைப்படாத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு எடுப்பதை நியாயப்படுத்தும் அளவுக்குப் பலனும் இல்லை. மேலும், முதல் சில மணி நேரத்தில் எடுத்த ஸ்கேன் சரியாக இருந்தது என்பதற்காகக் கவனிப்பைக் கைவிட முடியாது. பிறகு வளரும் உறைவை அந்த ஸ்கேன் காட்டியிருக்க வாய்ப்பில்லை. ஆக, ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூன்று நாள் காவல் மாறாது.

எப்போது எடுத்தே ஆக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. நரம்பு சார்ந்த அறிகுறி ஏதேனும் தெரிந்தாலும், ரத்தம் நிற்காமல் வந்தாலும் நின்று மீண்டும் பீறிட்டாலும், கழுத்தில் வீக்கம் வளர்ந்தாலும், கழுத்துத் தோலைத் தொட்டால் அடியில் காற்றுக் குமிழ்கள் நெறுநெறுவென்று நகர்ந்தாலும், பொருள் இன்னும் உள்ளேயே குத்தி நின்றாலும், ஒரு பகுதி முறிந்து உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆழமாகக் குத்திய காயம், வேகமாகவோ உயரத்திலிருந்தோ விழுந்தது, குடும்பம் மருத்துவமனையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் வசிப்பது ஆகியவை நடுவில் உள்ளவை. இங்கே ஒரு மருத்துவர் ஸ்கேன் எடுப்பார், இன்னொருவர் ஓரிரு நாள் மருத்துவமனையிலேயே வைத்துப் பார்ப்பார், இருவருமே சரி. நீங்கள் எழுதியுள்ள விவரப்படி உங்கள் மகன் விழித்திருக்கிறான், விளையாடுகிறான், ரத்தம் தானாக நின்றது, கழுத்தில் வீக்கமில்லை, மருத்துவமனை அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. இந்த நிலையில் ஸ்கேன் வேண்டாம் என்று அவர்கள் எடுத்த முடிவில் எனக்குக் குறை தெரியவில்லை, வற்புறுத்த வேண்டியதில்லை. பக்கவாட்டுக் காயம் என்பதால் மனம் ஆறவில்லையென்றால், நாளை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காயத்தைக் காட்டி, காயத்தின் ஆழத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. எடுக்கலாமே என்பார்கள். உறைவையும் மூளைப் பாதிப்பையும் நன்றாகக் காட்டும். ஆனால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அசையாமல் கிடக்க வேண்டியிருப்பதால் இந்த வயதில் பெரும்பாலும் மயக்கமருந்து வேண்டும். ஒலியலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எளிது, மலிவு. ஆனால் காயம் படும் உயரத்தில் தமனியைத் தாடையெலும்பு மறைத்துவிடுகிறது. டாப்ளர் சரியாக இருக்கிறது என்ற சீட்டைப் பார்த்து நிம்மதி அடைவதை நான் ஏற்க மாட்டேன்.

தமனியில் கிழிசலோ உறைவோ கண்டறியப்பட்டால், அது வளராமல் தடுக்க ஹெப்பாரின் வகை மருந்துகளோ ஆஸ்பிரினோ பெரும்பாலும் சில மாதங்களுக்குத் தரப்படுகின்றன. இடையில் மீண்டும் ஸ்கேன் எடுத்துத் தமனி ஆறுவதைப் பார்ப்பார்கள். இந்த வயதில் எது சிறந்தது என்று ஒப்பிட்டுத் தீர்த்த பெரிய ஆய்வு இல்லை. பெரியவர்களின் அனுபவத்தையும் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளின் பதிவுகளையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மூளைத் தமனி அடைபட்டுப் பக்கவாதம் வந்துவிட்ட குழந்தைகளுக்கு, தேர்ந்த மையங்களில், தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி உறைவை வெளியே எடுப்பது சில நேரங்களில் சாத்தியம். வீக்கம் மூளையை நெரித்தால் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக அகற்ற வேண்டிவரும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் உதவும் என்று படித்துவிட்டு வீட்டிலேயே குழந்தைக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். புதுக் காயத்தில் ரத்தக்கசிவைத் தூண்டும். சில வைரஸ் காய்ச்சல்களோடு சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறியை வரவழைக்கலாம். வலிக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்.

தமனியைத் தவிர இன்னும் இரண்டு ஆபத்துகளைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, உள்ளே தங்கிவிடும் துண்டு. 1999 ஜூலையில் டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் கோடைத் திருவிழா ஒன்றில், நான்கு வயதுச் சிறுவன் பஞ்சுமிட்டாய் சுற்றிய மரக்குச்சியை வாயில் வைத்தபடி விழுந்தான். ஜப்பானில் பஞ்சுமிட்டாயை, சாப்பிடப் பயன்படும் சாப்ஸ்டிக்கில் சுற்றித் தருவதுண்டு. குச்சியை அவனே பிடுங்கிப் போட்டான். ஆம்புலன்சில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அண்ணத்தில் தெரிந்தது சிறு காயம். மருந்து தடவி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை அவன் இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் 7.6 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்று தலைக்குள் இருப்பது தெரிந்தது. எலும்பு எதையும் உடைக்காமல், கழுத்துச் சிரை வெளியேறும் துவாரத்தின் வழியாகவே அது சிறுமூளை வரை சென்றிருந்தது. கரோட்டிட் தமனி உள்ளே நுழையும் துவாரத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பது அந்தத் துவாரம். சிகிச்சை செய்த மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டு, 2006-இல் மாவட்ட நீதிமன்றமும் 2008-இல் உயர் நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பளித்தன. அப்படியொரு பாதையில் குச்சி செல்லும் என்று அதுவரை யாரும் எதிர்பார்த்திருக்க முடியுமா என்பது அந்த வழக்கில் நெடுநாள் விவாதிக்கப்பட்டது.

அந்த நிகழ்வு நமக்குச் சொல்லும் நடைமுறைப் பாடம் எளியது: குத்திய பொருளைத் தேடி எடுத்து, முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மரமும் பிளாஸ்டிக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதில்லை, சி.டி.யில்கூடக் காய்ந்த மரத்துண்டு காற்றுக் குமிழிபோலத் தோன்றி ஏமாற்றலாம். பிரஷின் தலை முழுதாக இருக்கிறதா, முனையில் உடைவு இருக்கிறதா என்பதை நீங்கள் சொல்வதற்கு எந்தக் கருவியின் படத்தையும்விட அதிக மதிப்பு உண்டு. பிரஷைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றால் குப்பைத் தொட்டியில் இப்போதே தேடிப் பாருங்கள்.

மற்றொன்று, நோய்த்தொற்று. வாயின் கிருமிகள் தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால் உள்ள இடைவெளிக்குள் புகுந்து சீழ் கட்டினால், அது மார்புக்கூடு வரை இறங்கக்கூடும். இது உடனே தெரியாது. சில நாள் கழித்துக் காய்ச்சல், கழுத்தைத் திருப்ப மறுத்தல், விழுங்க முடியாமை, எச்சில் ஒழுகல், குரல் மாற்றம், மூச்சில் ஓசை என்று வரும். பெரிய காயங்களுக்கும் அழுக்கான பொருள் குத்திய காயங்களுக்கும் ஆன்டிபயாடிக் தருவது வழக்கம். சிறிய காயத்துக்குத் தராவிட்டால் அது தவறன்று. டெட்டனஸ் தடுப்பூசிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதைத் தடுப்பூசி அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இந்த ஒரு வாரம் கஞ்சி, தயிர்சாதம், இட்லி, ஆறிய பால் போன்ற மென்மையான உணவு கொடுங்கள்; சூடும் காரமும் முறுக்கு, சிப்ஸ் போன்ற கூரானவையும் வேண்டாம். ஸ்ட்ராவும் கூடாது, உறிஞ்சும் விசை காயத்தை இழுக்கும் என்பது ஒரு காரணம், வாயில் இன்னொரு குச்சி வேண்டாம் என்பது மற்றொரு காரணம். சாப்பிட்ட பின் தண்ணீர் குடிக்கச் செய்தால் போதும். நாலைந்து நாளில் காயத்தின் மேல் வெள்ளையாகப் படலம் படியும். அது சீழ் அன்று, ஆறும் காயத்தின் இயல்பு, சுரண்டவோ துடைக்கவோ வேண்டாம். தையல் போடாததைப் பற்றியும் ஒரு சொல்: அண்ணத்தில் ரத்த ஓட்டம் மிகுதி என்பதால் சிறு காயங்கள் விரைவில் கூடிவிடும், சதை மடல் தொங்கினாலோ, மூக்கின் உட்பக்கம் வரை ஓட்டை விழுந்தாலோ மட்டுமே மயக்கமருந்து கொடுத்துத் தைக்கிறார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, விபத்து நேர்ந்த அந்த நிமிடத்தைப் பற்றிச் சுருக்கமாக. பொருள் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அது ஏதேனும் ரத்தக்குழாயை அடைத்து நிற்கலாம். மூச்சுக்கு இடையூறு இல்லாதவரை, அது அசையாமல் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரத்தம் வந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காமல், மடியில் முன்பக்கமாகச் சாய்த்து உட்கார வைத்து, ரத்தம் வெளியே வடிய விடுங்கள். விரலை உள்ளே விட்டுத் துழாவ வேண்டாம். இன்னும் நடக்கத் தொடங்காத கைக்குழந்தையின் வாயில் இத்தகைய காயம் தெரிந்தால், எப்படி நேர்ந்தது என்று மருத்துவர் துருவிக் கேட்பார். அது அவருடைய கடமை, அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

குத்தும் பொருள்களில் பிரஷ், பென்சில், ஐஸ் குச்சி, ஸ்ட்ரா, ஊதல், கரண்டி எல்லாம் உண்டு. குழந்தை நடந்துகொண்டே வாயில் வைக்கும் நீளமான எதுவும் இந்தப் பட்டியலில் சேரும். ஜப்பானில் பிரஷ் விபத்துகள் தொடர்ந்து பதிவானதால், டோக்கியோ பெருநகர அரசு 2016-17-இல் இதைத் தனியாக ஆராய்ந்து, கைப்பிடி வளையும் பிரஷ்களை ஊக்குவித்தது. வாய்க்குள் ஆழமாகச் செல்லாமல் தடுக்கும் வட்டத் தகடு பொருத்திய பிரஷ்களும் கிடைக்கின்றன. அவை கிடைக்காத ஊரில், உட்கார்ந்தே பல் துலக்க வைப்பதும், துலக்கி முடிந்ததும் பிரஷைப் பெரியவர் கையில் வாங்கிவிடுவதும் அதே வேலையைச் செய்யும்.

நேற்று இரவு எட்டு மணிக்கு விழுந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை மறுநாள் இரவு எட்டு மணியோடு 72 மணி நேரம் முடிகிறது. அதுவரை அவனை அறியாதவர்கள் பொறுப்பில் விடாமல், அவன் நடையையும் பேச்சையும் நன்கு அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும், அதனால் பிளே ஸ்கூலுக்கு இந்த இரண்டு நாளும் விடுப்புச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பின் காவலைத் தளர்த்தலாம். ஆயினும் அடுத்த இரண்டு வாரத்துக்குள் மேலே சொன்ன எந்த அறிகுறி வந்தாலும் இந்த விபத்தை நினைவில் வைத்து அதே அவசரத்தோடு செல்லுங்கள். ஏழு முதல் பத்து நாளில் ஒருமுறை காயத்தைக் காட்டி, ஆறிவிட்டதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.